யார் வீட்டுச் சமையல்?

திருமண வீட்டிலே பரிசுகள் குவிந்து கிடக்கும் மேசையைச் சற்றே நோக்குங்கள், தோழர்களே! குத்துவிளக்கு இருக்கும், எவர்சில்வர் குடம் இருக்கும், ஒன்றுக்கு மூன்றாகச் சுவர்க் கடிகாரம் இருக்கும். இவற்றுக்கிடையே, நடுத்தர வகுப்பார் இல்லங்களிலே, பல்லாண்டுகளாக ஒரு நூலும் இடம்பெற்று வந்திருக்கிறது. மணமகளுக்கென்றே வாங்கப்படும் நூல். மணமகனுக்கு ஏன் அது தரப்படுவதில்லை என்று கேட்பாரில்லை. அதை நாம் பிறகு கேட்போம்.

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி, 1951ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்த ‘சமைத்துப் பார்’ என்பதே அந்நூல். அடுத்தடுத்துப் பகுதிகள் வந்தன, ஆங்கிலத்திலும் வந்தது, கடல் கடந்து சென்ற தமிழர் பெட்டிகளிலும் அது பயணம் செய்தது. மங்கிய அட்டையும் மஞ்சள் கறையுமாக ஒரு பழைய படி நம் கைக்குக் கிட்டிற்று. முழுவதும் படித்தோம். படித்ததோடு நின்றோமில்லை. நூலின் பெயர் இட்ட கட்டளைப்படி, அடுப்பை மூட்டிச் சமைத்தும் பார்த்தோம்.

பகுத்தறிவு பேசும் ஏட்டிலே பருப்புக்கும் புளிக்கும் என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் தோழரும் இருக்கக்கூடும். அவர் சேரன்மாதேவியை எண்ணிப் பார்க்கட்டும். 1922இல் வ.வே.சு. ஐயர் நிறுவிய குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. நாட்டு விடுதலைக்கென்று திரட்டிய பணத்தில் நடந்த இடத்திலே, நாலு பேர் கூட உட்கார்ந்து உண்ண முடியவில்லை! டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி 1925இலே நாடெங்கும் எதிரொலித்தது. அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். வெளியேறியதற்குக் காரணங்கள் பல. சோற்றுப் பந்தியும் அவற்றுள் ஒன்று. பின்னர், திருவல்லிக்கேணியில் உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற ஒற்றைச் சொல்லை அகற்ற, 1957இல் மறியல் தொடங்கி மாதக்கணக்கில் நடத்த வேண்டியிருந்தது. 1958இல்தான் சொல் மறைந்தது. பழங்கதை என்பீரோ? 2018ஆம் ஆண்டில், திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலே, பட்டியல் சாதியிற் பிறந்த பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரிலே எதிர்ப்புக் கிளம்பிற்று. சோறு வெந்துவிடுகிறது, தோழர்களே. சாதி வேகமாட்டேன் என்கிறது.

ஆகவே, அடுப்பங்கரையை ஆராய்வது நமக்கு அயல்வேலை அன்று.

முதலிலே பாராட்டுக்குரியதைப் பாராட்டுவோம். ‘கைமணம்’ என்பார்கள், ‘கைப்பக்குவம்’ என்பார்கள். எவ்வளவு புளி என்று கேட்டால், “எல்லாம் ஒரு கணக்குத்தான்” என்பார்கள். கணக்கை மட்டும் சொல்லமாட்டார்கள். மறைத்து வைத்ததனாலே ‘மறை’ என்று மகிமை பெற்ற சுவடிகளுக்கும், இந்தச் சொல்லப்படாத கணக்குக்கும் என்ன வேறுபாடு என்று நாம் கேலி பேசியதுண்டு. அது தவறான கேலி. பெண்கள் மறைக்கவில்லை. பெண்களிடமிருந்து எழுத்தை மறைத்தார்கள். எழுத்தில்லாத காரணத்தால் அளவு கையிலேயே தங்கிவிட்டது. கையுடையவள் கண்மூடியதும் அவளோடு கணக்கும் போயிற்று.

அந்தக் கணக்கை ஏட்டிலே இறக்கினார் மீனாட்சி அம்மாள். துவரம்பருப்பு இத்தனை ஆழாக்கு, உப்பு இவ்வளவு, பெருங்காயம் இவ்வளவு! நாழியும் படியும் ஆழாக்கும் வழக்கிழந்து லிட்டரும் கிராமும் வந்துவிட்ட பின்னரும் அந்நூல் பயன்படுவதற்குக் காரணம் அந்த அளவுதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். இவ்வளவு தெரிந்தால் போதும், எவரும் சமைக்கலாம். பரம்பரை வேண்டா, கோத்திரம் வேண்டா, அடுப்புக்குப் பின்னே நின்று பத்தாண்டு பாடங்கேட்கவும் வேண்டா. அளந்து சொல்வதும், சொன்னதை எவரும் செய்து பார்க்க இடங்கொடுப்பதும் அறிவியலின் வழி. முன்னர் வந்த சமையல் நூல்கள் சில ‘பாக சாஸ்திரம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டவை. சாஸ்திரம் என்றால் நம்பவேண்டும். ‘பார்’ என்றால் சோதிக்கவேண்டும். அம்மையார் அதை எண்ணிப் பெயரிட்டாரா, வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்ற பழமொழியை நினைத்துப் பெயரிட்டாரா என்பது வேறு. பெயர் நமக்குப் பிடித்திருக்கிறது.

அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்து வைதிகம் கைம்பெண்ணுக்கு எதை ஒதுக்கி வைத்திருந்தது? மூலையும் முக்காடும்! மழித்த தலையும் மறுக்கப்பட்ட உணவும்! அத்தகைய சூழலிலே ஒரு பெண் எழுதுகோல் எடுத்தார், நூல் வெளியிட்டார், தன் காலில் நின்றார். சடங்கையும் பண்டிகையையும் பற்றி அவர் எழுதிய பக்கங்களோடு நமக்கு உடன்பாடில்லை. அவர் எழுதி வாழ்ந்த வாழ்வோடு நமக்குப் பகையுமில்லை. அந்நூலைப் பார்த்து நாம் வைத்த ரசம் முதல் முறையே நன்றாக வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனிக் குறை. அந்நூலிலே வீடு இருக்கிறது. ஆனால் ஒரே வீடுதான் இருக்கிறது. நெய் குறையாத வீடு. துவரம்பருப்பு தீராத வீடு. மீன் வாடையும் கறி வாடையும் வாயிற்படி ஏறாத வீடு. தம் வீட்டுச் சமையலைத் தாம் அறிந்தவாறு எழுதியது அம்மையார் குற்றமாகாது. அந்த ஒரு வீட்டுச் சமையலைத் ‘தமிழர் சமையல்’ என்று முரசறைந்தார்களே, உணவு விடுதிக்காரரும் இதழ்க்காரரும், அங்கேதான் குற்றம் தொடங்குகிறது. 2014ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர். எஞ்சிய இருவர் மூவர் உண்பது ‘சைவம்’. தொண்ணூற்றேழு பேர் உண்பது ‘அசைவம்’! சொல்லின் சூழ்ச்சியைக் கவனியுங்கள். கடலைக் ‘காணா நிலம்’ என்று அழைப்பாருண்டோ? பெரும்பான்மையோர் உணவுக்குத் தனக்கென்று ஒரு பெயரில்லை; இன்னொன்று அன்று என்பதே அதற்குப் பெயர். ஊன் என்றும் புலால் என்றும் கறி என்றும் நம் மொழியில் சொற்கள் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தார் காயையும் கீரையையும் மரக்கறி என்கிறார்கள். அவ்வளவுதான், எவ்வளவு எளிமை! சமயத்தின் பெயரைச் சாப்பாட்டின்மீது ஒட்டி, ஒட்டாதவனைக் குறையுடையவனாக்கும் வித்தை அந்தச் சொல்லில் இல்லை.

‘ஆதிகாலந்தொட்டு வழிவழி வந்த சமையல்’ என்ற பேச்சும் உண்டு. அதையும் கொஞ்சம் கரைத்துப் பார்ப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டில் நுழைந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்தனவே. திவசச் சமையலிலே மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, தக்காளி எல்லாம் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று ஒதுக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒருநாள், இறந்தவருக்குப் படைக்கும்போது மட்டும், வைதிகத்துக்கு வரலாறு நினைவுக்கு வந்துவிடுகிறது! மற்ற நாள்களில் தக்காளி ரசத்தையும் மிளகாய்ச் சாம்பாரையும் முன்னே வைத்துக்கொண்டு முன்னோர் பெருமை பேசுகிறார்கள். மாறாத சமையல் என்று எதுவுமில்லை. எல்லா வீட்டு அடுப்பும் எங்கிருந்தோ வாங்கித்தான் எரிகிறது.

உண்மையிலேயே பழைய சமையற் குறிப்பு வேண்டுவோர் சங்கப் பாட்டைத் திறக்கட்டும். குறுந்தொகையிலே, கூடலூர் கிழார் பாட்டிலே, ஓர் இளம்பெண் சமைக்கிறாள். முற்றிய தயிரை விரலால் பிசைகிறாள், பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைக்கிறாள், தாளிப்புப் புகை கண்ணிலே படியத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. தமிழ்ப் பேராசிரியர்கள் இப்பாட்டை இல்லற இன்பத்தின் இலக்கணம் என்று வியந்து விளக்குவார்கள். கல்லூரியிலே நாமும் வியந்து எழுதி மதிப்பெண் பெற்றோம். இப்போது படிக்கும்போது முதலில் கண்ணிற்படுவது அந்தப் புகைதான். உண்பவனுக்குச் சுவை, சமைப்பவளுக்குப் புகை. புலவர் புகையை மறைக்கவில்லை, அதற்காக அவரை வணங்கலாம். உரை சொன்ன நாம்தான் அதை ஊதித் தள்ளினோம்.

இன்னொன்று, சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாணன் வீட்டு அடுக்களை இடிந்து கிடக்கிறது. சுவரிலே காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாய், பாலில்லாமையால், குட்டி வாய் வைக்கப் பொறாமல் குரைக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அறிவற்றவர் கண்டு பழிப்பார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பில்லாத அந்தக் கீரை எந்தச் சமையல் நூலிலும் ஏறவில்லை. நம்மை உறுத்துவது கீரைகூட அன்று. அந்த அடைத்த கதவு.

ஏன் உறுத்துகிறது என்றால், அக்கதவை நாம் வகுப்பறையிலே கண்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “நேற்றிரவு உங்கள் வீட்டில் என்ன குழம்பு? எப்படிச் செய்தார்கள்? பத்து வரி எழுதுங்கள்” என்று கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம். நாற்பத்தொரு ஏடுகள் வந்தன. முப்பத்துமூன்றிலே சாம்பார்! ஒரே இரவிலே, ஒரே ஊரிலே, முப்பத்துமூன்று வீட்டில் சாம்பார் கொதித்திருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருக்களின் வழியாகத்தானே நாம் நடந்து வந்தோம்! மீன் வறுபட்ட மணம் நம் மூக்கை ஏமாற்றியதா? ஓர் ஏட்டிலே முதல் வரி அழிப்பானால் தேய்க்கப்பட்டுத் தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தோம். ‘கரு’ என்ற இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அவற்றின்மேல் ‘சாம்பார்’ என்று அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

பதினோரு வயதுச் சிறுவனுக்குக் கதவை அடைக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பாடநூலா? சினிமாவா? ‘சுத்த சைவம்’ என்ற பலகையா? புலால் உண்போருக்கு வீடில்லை என்ற வீட்டுக்காரரா? நாமும்தான். விடுதியிலே தங்கிப் பயின்ற நாளில், “உங்கள் ஊரில் இரவுக்கு என்ன?” என்று உடன்பயின்றோர் கேட்டபோது, இட்டலி என்று கூசாமல் சொன்னோம். எங்கள் வீட்டிலே இட்டலி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வரும் விருந்தாளி. மற்ற இரவுகளில் களிதான்.

அந்தப் பொய்க்குக் கழுவாயாக, ஆயா சொல்லச் சொல்ல நாம் எழுதி வைத்த குறிப்பொன்றை இங்கே தருகிறோம். ஆயாவுக்கு ஆழாக்குக் கணக்கெல்லாம் இல்லை. அவருடைய கையளவை நாம்தான் அளந்து எழுதினோம். அரிசி நொய் அரை ஆழாக்கு, தண்ணீர் ஐந்து ஆழாக்கு, உப்பு வேண்டிய அளவு. நொய் குழைய வெந்ததும், கேழ்வரகு மாவு இரண்டு ஆழாக்கை நடுவிலே குவியலாகக் கொட்டவேண்டும். கொட்டியவுடன் கிளறக்கூடாது, எல்லாரும் தவறுவது இங்கேதான். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி விட்டு, மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வேகவிடவேண்டும். நீர் மிகுந்திருந்தால் ஒரு கிண்ணத்தில் வடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், இறுகும்போது ஊற்ற உதவும். பிறகு பானையை இறக்கிக் கால்விரல்களுக்கிடையே துணி வைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டி தட்டாமல் கிளறவேண்டும். தோள் வலிக்கும், வலித்தால் சரியாகக் கிளறுகிறீர்கள் என்று பொருள். நனைத்த கையைத் தொட்டால் மாவு ஒட்டாத பதம் வந்ததும், நீர் தெளித்த தட்டில் கொட்டி உருட்டிவிடலாம். மறுநாள் மிஞ்சியதை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் அது தனிச் சுவை.

நூறு கிராம் கேழ்வரகிலே முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலே பத்து மில்லிகிராமுக்கும் குறைவு. இதை உழவர் உண்ட காலத்தில் ‘களி தின்னி’ என்றார்கள்; சிறைச்சாலைக்குப் போவதற்கே களி தின்பது என்று பெயர் வைத்தார்கள். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததும், அதே கேழ்வரகு நட்சத்திர விடுதியிலே வெள்ளைத் துணி விரித்த மேசைமீது ஏறி, ‘பாரம்பரிய உணவு’ என்று பட்டம் பெற்றது. தானியத்துக்குத் தீண்டாமை நீங்கிற்று, மகிழ்ச்சி. அதை விளைத்தவனுக்கும் கிளறியவளுக்கும் அந்த மேசையில் இடமுண்டா என்று யாரும் கேட்கவில்லை.

பதிவு செய்யப்படாத வீடுகளின் சமையலைப் பதிவு செய்யும் வேலை தொடங்கிவிட்டது என்பது ஆறுதல். மராத்தியிலே சாகு படோலே என்ற எழுத்தாளர், மராத்வாடாப் பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்கள் உண்ட உணவுகளைப் பற்றி 2015இல் ஒரு நூல் எழுதினார். 2024இல் அது ஆங்கிலமும் ஆயிற்று. உலர்த்திய இறைச்சி, இரத்தம், குடல் என்று தம் மக்கள் அடுப்பில் வெந்தவற்றை, கூசாமல், செய்முறையோடு எழுதியிருக்கிறார். நெய்யும் பாலும் குறைவு, இருப்பதைக் கொண்டு ஆக்கும் திறம் மிகுதி. சமையல் நூலைப் படிக்கும்போது சாதியின் வரலாற்றையும் சேர்த்தே படிக்கிறோம் என்பதை அந்நூல் வெளிப்படையாகச் சொல்லுகிறது. ‘சமைத்துப் பா’ரிலும் அவ்வரலாறு உண்டு, அது வாய் திறவாமல் இருக்கிறது. தமிழில் அத்தகைய நூல்கள் பல வேண்டும். குடற்குழம்பும் நத்தையும், மழை விட்டதும் பிடித்து வறுத்த ஈசலும், வயல் நண்டுச் சாறும் ஆழாக்குக் கணக்கோடு அச்சேறவேண்டும். நெய்யிலே முந்திரி வறுத்துக் கொட்டி அவற்றை மேல்வீட்டுப் பண்டமாக்கும் முயற்சி மட்டும் வேண்டா. இருந்தபடியே வரட்டும்.

மணமகனை மறந்துவிடவில்லை. சமையற்கலையில் வல்லார் யாரென்று புராணத்தைக் கேளுங்கள். நளபாகம் என்கிறது, வீமபாகம் என்கிறது. இருவரும் ஆண்கள்! அன்றாடம் அடுப்பூதியவளின் பெயரால் ஒரு பாகம் உண்டா? கோவில் மடைப்பள்ளியிலே ஆண், கல்யாணச் சமையலிலே ஆண், உணவு விடுதியிலே ஆண். அங்கெல்லாம் கூலி உண்டு, புகழுண்டு. கூலியில்லாத அடுப்பு ஒன்றே ஒன்று, அதற்குப் பெண். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற ஏட்டை மேடையிலே கையுயர்த்திக் காட்டிவிட்டு, வீடு திரும்பித் தட்டின் முன்னே உட்கார்ந்து “குழம்பில் காரம் குறைவு” என்று குரல் கொடுக்கும் தோழர்களை நாம் அறிவோம். பெயர் சொல்லவில்லை, பெயர்களைச் சொன்னால் இவ்விதழின் பக்கங்கள் போதா. அடுத்த திருமணத்துக்குச் செல்லும்போது அந்நூலை வாங்குங்கள். வாங்கி மணமகன் கையிலே கொடுங்கள். உருட்டிய களிக்குத் தோள்வலிமை வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

வகுப்புக்குத் திரும்புவோம். மறுவாரம் நம் வீட்டுக் களியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னோம். விடுதியிலே சொன்ன பொய்யையும் சொன்னோம். சிரித்தார்கள். அதே பயிற்சியை மீண்டும் கொடுத்தோம். இம்முறை சாம்பார் ஒன்பது வீட்டில்தான் கொதித்தது. தாள் தேய்ந்த ஏட்டுக்காரன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். நெத்திலிக் கருவாடு இரண்டு கை அள்ளி, தலை கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து மூன்று தண்ணீரில் அலசவேண்டும். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு. கத்தரிக்காயை நான்காகக் கீறிப் போட்டு வதக்கி, மிளகாய்த் தூளும் மஞ்சளும் சேர்த்து, எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடவேண்டும். காய் வெந்த பிறகுதான் கருவாடு. முன்னால் போட்டால் கரைந்துவிடும் என்று அடிக்கோடிட்டிருந்தான். பத்து நிமிடத்தில் இறக்கி மூடி வைத்து, மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொள்வார்களாம்.

நன்றாக இருந்தது. பிழை ஒன்றுதான். உப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘உப்பு எங்கே?’ என்று எழுதிக் கொடுத்தோம். அவன் ஏட்டைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான்.

“கருவாட்டுலயே உப்பு இருக்கு சார். தனியாப் போட்டா வாயில வைக்க முடியாது.”

வட்டத்தை அடித்துவிட்டு, ஓரத்திலே நம் கையொப்பத்தை இட்டுக் கொடுத்தோம்.